பிராக்கெட் ஏன் கழன்று விழுது? தாடையை எந்த வயசுல விரிக்கணும்? - பல் கிளிப் போடுறவங்க தெரிஞ்சுக்க வேண்டியவை!

பல்லுக்கு கிளிப் போட்டு ரெண்டு வாரம்தான் ஆகியிருக்கும். ஆசைக்கு ஒரு தட்டையைக் கடிப்பீங்க. 'டக்'னு ஒரு சத்தம். நாக்கால் தடவிப் பார்த்தால், பின்பல்லில் ஒட்டியிருந்த பிராக்கெட் கம்பியில் தொங்கிக்கிட்டு இருக்கும். 'இவ்வளவு காசு வாங்குறாங்க, நல்ல பசையா போட மாட்டாங்களா?'ன்னு கோபம்தான் முதல்ல வரும்.

உண்மை என்னன்னா, அந்தப் பசை ஓர் அளவுக்கு மேல் பலமாக இருக்கவே கூடாது. அதேபோல, 'மேல்தாடை குறுகலா இருக்கு, விரிக்கணும்' என்று டாக்டர் சொன்னால், எவ்வளவு விரிக்கணும் என்பதைவிட எந்தக் கட்டத்தில் விரிக்கிறோம் என்பதுதான் முக்கியம். ஒன்றுக்கு அளவு, இன்னொன்றுக்கு நேரம். இந்த ரெண்டும் புரிஞ்சா, சிகிச்சையில் பாதிக் குழப்பம் தீர்ந்துடும்.

பல்லில் எப்படி ஒட்டுது?

ஒரு காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி மோதிரம் மாதிரி உலோகப் பட்டை மாட்டி, அதன் மேல்தான் கம்பியைக் கட்டினார்கள். இதை மாற்றியது 1955-ல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் இருந்த பல் மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் புவோனகோர், தொழிற்சாலைகளில் உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க பாஸ்பாரிக் அமிலம் பூசுவதைக் கவனித்தார். அதையே பல்லில் செய்தால் என்ன என்று யோசித்து, 85 சதவிகித அமிலத்தை 30 விநாடிகள் பல்லின் எனாமலில் வைத்துப் பார்த்தார். அதன் பிறகு அக்ரிலிக் பல்லோடு கெட்டியாக ஒட்டிக்கொண்டது. 1965-ல் ஜார்ஜ் நியூமன் என்ற ஆர்த்தோடான்டிஸ்ட், பிராக்கெட்டை நேரடியாகப் பல்லில் ஒட்டும் முறையை எழுதினார்.

இன்றைக்கும் அடிப்படை அதேதான். பொதுவாக 37 சதவிகித அமில ஜெல்லை 15 முதல் 30 விநாடிகள் வைத்துக் கழுவுகிறார்கள். காய்ந்ததும் பல், சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்துத் தெரியும். அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பள்ளங்கள் உருவாகியிருக்கும். திரவப் பசை அவற்றுக்குள் இறங்கி, நீல விளக்கு பட்டதும் இறுகிவிடும். சொரசொரப்பான சுவரில் பூச்சு பிடிக்கிற அதே கதைதான்.

அப்புறம் ஏன் கழலுது?

முதல் எதிரி எச்சில். அமிலம் வைத்துக் கழுவிய பல்லில் ஒரு துளி எச்சில் பட்டாலும் அந்தப் பள்ளங்கள் அடைபட்டுவிடும், பசை உள்ளே இறங்காது. கன்னத்தை இழுத்துப் பிடிக்கும் கருவியை மாட்டி, 'நாக்கை அசைக்காதீங்க' என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். நாக்கு பட்டுவிட்டதாகத் தோன்றினால் கையைத் தூக்கிச் சொல்லிடுங்க. மறுபடி சுத்தம் செய்து ஒட்ட சில நிமிஷம்தான் ஆகும்.

அடுத்த எதிரி கடி. பின்பற்களில் மெல்லும் விசையும் அதிகம், ஈரமும் அதிகம். அதனால் அங்கேதான் பிராக்கெட்டுகள் அதிகம் கழலும்.

சரி, இன்னும் பலமான பசை போட்டால் என்ன? சிகிச்சை முடிந்ததும் பிராக்கெட்டைக் கழற்றியாகணுமே! 1975-ல் ஐ.ஆர்.ரெனால்ட்ஸ் எழுதிய ஒரு கட்டுரை, சுமார் 6 முதல் 8 மெகாபாஸ்கல் பிடிமானம் போதும் என்று சொன்னது. அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய 600 முதல் 800 கிராம் எடை தரும் விசை. இன்றும் ஆய்வாளர்கள் இதைத்தான் அளவுகோலாகச் சொல்கிறார்கள். பிடிமானம் மிக அதிகமானால் என்ன ஆகும் என்பதை ஆரம்பகால செராமிக் பிராக்கெட்டுகள் காட்டின. வேதிப் பிணைப்பால் இறுக ஒட்டிய அவற்றைக் கழற்றும்போது, சிலருக்கு எனாமலும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. எனாமல் திரும்ப வளராது. பிராக்கெட் போனால் இன்னொன்று ஒட்டலாம்.

எந்தப் பசை பெஸ்ட்?

பிடுங்கிய பல்லில் ஒட்டி, மெஷினில் இழுத்துப் பார்க்கும் ஆய்வுகள் ஏராளம். ஆனால் மெஷினுக்கு எச்சில் ஊறாது, அது சூடாகக் காபி குடிக்காது, முறுக்கும் கடிக்காது. அதனால்தான் நோயாளிகளின் வாயிலேயே செய்யும் ஆய்வுகளுக்கு மதிப்பு அதிகம். இதில் ஓர் அழகான முறை உண்டு. ஒருவருடைய வலது மேல்பக்கமும் இடது கீழ்ப்பக்கமும் ஒரு பசை, மற்ற இரண்டு பக்கங்களிலும் வேறு பசை. அதே ஆள், அதே சாப்பாடு, அதே பிரஷ். அவர் எந்தப் பக்கம் அதிகமாக மென்றாலும் ரெண்டு பசைக்கும் சமமான சோதனை. பல மாதங்கள் கழித்து எதில் எத்தனை கழன்றது என்று எண்ணுவார்கள்.

அமிலம் தனியாக, பசை தனியாகப் போடும் பழைய முறையா, ரெண்டையும் ஒன்றாக்கிய புதிய முறையா? இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2013 அறிக்கை, ஒன்று மற்றொன்றைவிட மேல் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஆகவே பசையின் பிராண்டைத் தேடி அலைய வேண்டாம். ஒட்டும்போது பல் காய்ந்திருப்பதும், ஒட்டிய பிறகு நீங்க என்ன சாப்பிடுறீங்க என்பதும்தான் பெரிய விஷயம்.

கழன்றுடுச்சா? இதைச் செய்யுங்க

* கம்பியில் தொங்கினால் இழுக்காதீங்க. கையோடு வந்துட்டா, பத்திரமாக எடுத்துக்கிட்டு போங்க.
* குத்துகிற இடத்தில் ஆர்த்தோ மெழுகை உருட்டி வையுங்க. சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம்.
* விழுங்கிட்டா பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். ஆனாலும் டாக்டரிடம் சொல்லிடுங்க. விடாத இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால், உடனே மருத்துவமனைக்குப் போகணும்.
* 'அடுத்த மாசம்தானே அப்பாயின்ட்மென்ட்' என்று சும்மா இருக்காதீங்க. பிராக்கெட் இல்லாத பல் நகராது, சிகிச்சையும் நீளும்.
* கடலைமிட்டாய், சீடை, கரும்பு, எலும்பு கடிப்பது எல்லாவற்றுக்கும் தற்காலிக லீவு. கொய்யாவைச் சின்னத் துண்டுகளாக நறுக்கிச் சாப்பிடலாம்.
* பிராக்கெட்டைச் சுற்றிச் சேரும் அழுக்கு, நிரந்தர வெள்ளைத் தழும்பை விட்டுச் செல்லலாம். ஃப்ளோரைடு பேஸ்ட்டால் துலக்குங்க, கூல்டிரிங்க்ஸைக் குறைங்க.

மேல்தாடை ஒன்றல்ல, இரண்டு!

பசைக்கு அளவு என்றால், தாடைக்கு நேரம். நாக்கால் மேலண்ணத்தின் நடுவே தடவிப் பாருங்க. முன்னாலிருந்து பின்னால் ஒரு கோடு ஓடும். மேல்தாடை என்பது இடமும் வலமுமாக ரெண்டு எலும்புகள். அவை சேரும் தையல் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது.

டப்பாவை மூடி கவ்வுவது மாதிரி, மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு வெளியே அமரணும். மேல்தாடை குறுகலானால் பின்பற்கள் உள்ளே விழும். இதைத்தான் 'கிராஸ் பைட்' என்கிறார்கள். சிலருக்குத் தாடை ஒரு பக்கமாக நகர்ந்து மூடும்.

1860-ல் சான் பிரான்சிஸ்கோவின் எமர்சன் ஏஞ்சல், 14 வயதுச் சிறுமியின் மேல்பற்களுக்கு நடுவே ஒரு திருகைப் பொருத்தினார். இரண்டு வாரத்தில் தாடை கால் அங்குலம் விரிந்ததாகவும், முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்ததாகவும் எழுதினார். சக மருத்துவர்கள் நம்பவில்லை. சுமார் 100 வருஷம் கழித்து, 1961-ல் ஆண்ட்ரூ ஹாஸ் வெளியிட்ட ஆய்வுதான் இந்த முறையை மீண்டும் பரவலாக்கியது.

இன்றைய கருவியில் சின்னச் சாவியால் ஒரு முறை திருப்பினால் சுமார் கால் மில்லிமீட்டர் விரியும். வேகமாக விரிக்கும் முறையில் பொதுவாகத் தினமும் ரெண்டு திருப்பல். சில நாளில் முன்பற்களுக்கு நடுவே சந்து விழும். வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். வேண்டாம், தையல் திறந்ததற்கு அதுதான் அடையாளம். சில மாதங்களில் அந்தச் சந்து பெரும்பாலும் தானாகவே குறையும். ஆனால் விரிந்ததும் கருவியைக் கழற்றிவிட முடியாது. நடுவில் புது எலும்பு நிரம்ப 3 முதல் 6 மாதங்கள் வாயிலேயே இருக்கணும். அவசரப்பட்டால் தாடை பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும்.

20 வயசுக்கு மேலன்னா?

வளர வளர அந்தத் தையலின் ரெண்டு விளிம்பும் பற்சக்கரங்கள் போல ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், பிறகு இணையும். ஆனால் இது எல்லோருக்கும் ஒரே வயதில் நடப்பதில்லை. 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, சி.பி.சி.டி. ஸ்கேனில் தெரியும் தையலை ஐந்து கட்டங்களாகப் பிரித்தது. முதல் கட்டங்களில் சாதாரணக் கருவி போதும். கடைசிக் கட்டங்களில் எலும்பு இணைந்திருக்கும். அப்போதும் பற்களை மட்டும் பிடித்துத் தள்ளினால் எலும்பு நகராது. பற்கள்தான் வெளியே சாயும், ஈறு இறங்கும் ஆபத்தும் உண்டு.

பெரியவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கு. அண்ணத்து எலும்பில் சின்னத் திருகாணிகளைப் பதித்து விரிக்கும் முறை, 2010-ல் தென்கொரிய மருத்துவர்கள் வெளியிட்ட சிகிச்சை அறிக்கைக்குப் பிறகு பரவலானது. வயது ஏற ஏற இதன் வெற்றி வாய்ப்பு குறைகிறது. அதுவும் முடியாதவர்களுக்கு அறுவை சிகிச்சை உண்டு. ரீல்ஸில் வரும் 'மியூயிங்' நாக்குப் பயிற்சி பெரியவர்களின் தாடையை விரிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தாடை குறுகலாக இல்லாதவர்கள் குறட்டைக்காக மட்டும் விரித்துக்கொள்வதற்கும் போதிய ஆதாரம் இல்லை.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க

1. எனக்குக் குறுகலாக இருப்பது எலும்பா, பற்களின் வரிசையா?
2. என் தையல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? அதை எப்படிப் பார்த்தீர்கள்?
3. விரியவில்லை என்றால் அடுத்து என்ன?
4. நீங்கள் ஆர்த்தோடான்டிக்ஸில் எம்.டி.எஸ். முடித்தவரா?

வீட்டில் தம்பி தங்கை இருந்தால், 7 வயதுக்குள் ஒருமுறை காட்டச் சொல்கிறது அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட்கள் சங்கம். அந்த வயதிலேயே கிளிப் போடணும் என்று அர்த்தமில்லை. ஆனால் இப்போ சின்னத் திருகு ஒன்றால் முடிகிற வேலை, 15 வருஷம் கழித்து ஆபரேஷன் தியேட்டர் வரை போகலாம். அடுத்த முறை அவங்க வாயைப் பெருசா திறந்து சிரிக்கும்போது, மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு வெளியே இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க!