வகுப்பு வேலையாய்ப் பிறந்த ஓவியப் பலகை

"கம்ப்யூட்டரில் படம் வரையவும் எழுதவும் இலவசமா நல்ல சாஃப்ட்வேர் எது அண்ணா?" என்று நம் கல்லூரித் தம்பி, தங்கையர் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. நாலு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் அவை பிறந்த கதை தெரிந்தால், எதை எதற்காக எடுப்பது என்பது தானே விளங்கிவிடும். ஆகவே இந்த மலருக்கு அந்த வரலாற்றையே எழுதுகிறேன்.

முதலில் எழுத்து. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், 1983-இல் க்னூ திட்டத்தை அறிவித்தார். புரோகிராமின் மூல வரிகளை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்பதே அதன் கொள்கை. 1985-இல் க்னூ ஈமாக்ஸ் என்ற எடிட்டர் வந்தது. அதை டேப்பில் பதிந்து அனுப்ப அவர் 150 டாலர் வாங்கினார்! "அப்புறம் என்ன இலவசம்?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் வந்த குழப்பம் அது. தமிழில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு.

இன்னொரு எடிட்டரான வி.ஐ., 1976-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்ற மாணவர் எழுதியது. அதன் வழியில் நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் 1991-இல் விம் எடிட்டரை வெளியிட்டார். பிடித்திருந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்பதே அவர் கேட்ட விலை. 2023-இல் அவர் மறைந்தார், விம் நிற்கவில்லை.

இனி ஓவியம். அதே பெர்க்லியில் 1995-இல் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரு மாணவர்கள் வகுப்பு வேலையாக ஒரு படத்திருத்தியைத் தொடங்கினார்கள். அதுதான் கிம்ப். 1996 ஜனவரியில் முதல் வெளியீடு. அந்த ஆண்டே லாரி யூயிங் அதில் வரைந்த பென்குயின்தான் லினக்ஸின் சின்னமாயிற்று.

ஆனால் ஒரு சிக்கல். பட்டன், மெனு போன்றவற்றுக்கு அவர்கள் பயன்படுத்திய மோட்டிஃப் விலைக்கு வாங்க வேண்டிய சரக்கு. கிம்ப் கையில் இருந்தாலும் மோட்டிஃப் இல்லாதவர் அதைத் திருத்தி, மறுபடி உருவாக்குவது கடினம். பூட்டு நம்முடையது, சாவி அடுத்த வீட்டில் என்கிற கதை! மேட்டிஸ் சலித்துப்போய், ஜி.டி.கே. என்று சொந்தமாகவே ஒன்றை எழுதிவிட்டார். 1997-இல் தொடங்கிய க்னோம் திரை அமைப்பு அதன்மேல்தான் எழுந்தது.

பிறகு இருவரும் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். நம் ஃபைனல் இயர் புராஜெக்டுகளின் கதி நமக்குத் தெரியும். பைண்டு செய்து அலமாரியில் வைத்தால் சரி. கிம்ப் அப்படி உறங்கவில்லை. மூல வரிகள் எல்லார் கையிலும் இருந்ததால், முன்பின் அறியாதவர்கள் தொடர்ந்தார்கள். 1998-இல் 1.0 பதிப்பும், 2025-இல் 3.0 பதிப்பும் வந்தன.

முப்பரிமாணப் படத்துக்கான பிளெண்டரின் கதையும் இதற்குச் சாட்சி. 2002-இல் அதை நடத்திய டச்சு நிறுவனம் மூடப்பட்டது. அதை உருவாக்கிய டான் ரோசெண்டால் பயனாளரிடமே கையேந்தினார். ஏழே வாரங்களில் 1 லட்சம் யூரோ சேர்ந்தது. மூல வரிகள் விடுதலை பெற்றன. பிளெண்டரில் உருவான 'ஃப்ளோ' என்ற லாட்வியத் திரைப்படம் 2025-இல் ஆஸ்கர் பரிசு வாங்கியது.

ஆக, தம்பி தங்கைகளே, விலையை மட்டும் பார்க்காதீர்கள். "இதைச் செய்தவர் நாளை விலகிவிட்டால் என் வேலை என்னாகும்?" என்று கேட்டுப் பாருங்கள். போட்டோ திருத்த கிம்ப், தூரிகை ஓவியத்துக்குக் க்ரிட்டா, சின்னங்கள் வரைய இங்க்ஸ்கேப், எழுத விம் அல்லது ஈமாக்ஸ். வேலைக்குப் போகும் இடத்தில் காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர் இருந்தால் அதையும் கற்றுக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் சொந்தப் படைப்பை எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கக்கூடிய பொது வடிவத்தில் ஒரு பிரதி வைத்திருங்கள். இருபது வருடம் கழித்து இதுபோல் ஒரு மலருக்கு அதைக் கேட்டு வாங்க ஆள் வருவார்கள். அன்றைக்கும் அது திறக்க வேண்டும்!