காடல் (பழ ஈ மரபணு)

காடல், டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்னும் பழ ஈயின் உடற்பின்பகுதியையும் குடலையும் அமைக்கும் ஹோமியோபாக்ஸ் மரபணு. பெயர், வாலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிற மரபணுக்களை முடுக்கவோ அடக்கவோ வல்ல புரதத்தை இது தருகிறது.

1985-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், வால்டர் கெரிங்கின் ஆய்வுக்குழு இதைப் பிரித்தெடுத்தது. ஆய்வாளர்களை ஈர்த்தது முட்டைக்குள் தெரிந்த ஒரு முரண். தாய் ஈ விட்டுச்செல்லும் காடல் ஆர்.என்.ஏ., அரை மில்லிமீட்டர் நீள முட்டை முழுவதும் சீராகப் பரவியிருக்கிறது. புரதமோ பின்முனையில் செறிந்து, முன்முனை நோக்கிச் செல்லச் செல்லத் தேய்ந்து மறைகிறது. விடை 1996-இல் கிடைத்தது. முன்முனையில் குவிந்திருக்கும் பைகாய்டு புரதம் காடலின் ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு, அதிலிருந்து புரதம் உருவாகாமல் தடுக்கிறது. தலை எது, வால் எது என்று முட்டைக்குள்ளேயே முடிவாகும் விதத்தை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் சான்றுகள் குறைவு.

பிறகு கருவின் சொந்த மரபணு விழித்து, பின்முனையில் ஒரு குறுகிய பட்டையாகக் காடலை வெளிப்படுத்துகிறது. பின்குடலாக வேண்டிய செல்கள் உள்மடிந்து இறங்க அது தேவை என 1998-இல் தெரிந்தது. மறு ஆண்டில் மொரேனோவும் மொராட்டாவும், ஈயின் கடைசிக் கண்டத்துக்கு அடையாளம் தருவதே காடல்தான் என்று காட்டினர்.

வளர்ந்த ஈயிலும் அதற்கு வேலை ஓய்வதில்லை. என் மதிப்பில் இதன் வரலாற்றிலேயே வியப்பூட்டும் பகுதி, தென்கொரியாவில் வோன்-ஜே லீ குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு. குடலில் எப்போதும் பாக்டீரியாக்கள் உண்டு. அவற்றைக் கண்டதும் எதிர்ப்புக்கான சமிக்ஞை எழுகிறது. நடுக்குடலின் பிற்பகுதியில் காடல் குறுக்கே நின்று, நுண்ணுயிர்க்கொல்லிப் புரதங்கள் அளவுமீறிச் சுரக்காமல் பார்த்துக்கொள்கிறது. காடலைக் குறைத்தபோது அப்புரதங்கள் பெருகின. அதனால் குடல் தூய்மையாகவில்லை, நுண்ணுயிர்களுக்கு இடையிலிருந்த சமநிலைதான் குலைந்தது. அதுவரை சிறுபான்மையாக இருந்த குளுக்கோனோபாக்டர் வகையொன்று ஓங்கியது. குடற்செல்கள் மடிந்தன, ஈக்களும் இறந்தன.

மனிதரிடம் இதன் உறவு மரபணுக்கள் சி.டி.எக்ஸ். எனப்படுகின்றன. எலியில் சி.டி.எக்ஸ்.2-இன் ஒரு பிரதி இல்லாவிட்டால், பெருங்குடலில் இரைப்பைத் திசு போன்ற திட்டுகள் முளைக்கின்றன. கல்லீரலில் புற்றுக்கட்டி தென்பட்டு, அது எங்கிருந்து பரவியது என்று தெரியாதபோது, நோயியல் மருத்துவர்கள் திசுச்சீவலில் சி.டி.எக்ஸ்.2 புரதத்துக்கான சாயச் சோதனை செய்வதுண்டு. செல்களின் உட்கருக்கள் பழுப்பாக மாறினால், முதலில் குடலைத்தான் சந்தேகிப்பார்கள்.