சுண்ணாம்பு தடவினால் பதநீர்

செங்கல்பட்டில் ஒருநாள் வாடகைக்குக் கார் பிடித்து, உத்திரமேரூர் பார்த்துவிட்டுச் சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் என்று கிளம்பினோம். பிரான்ஸில் இப்படிப் பழைய ஊர்களோடு திராட்சைத் தோட்டங்களையும் காட்டுவார்கள். "நம்ம ஊர்ல ஏதுடா ஒயின்?" என்றான் நண்பன். வழிநெடுக நின்ற பனைகளைக் காட்டினேன்.

உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உள்ளவர் பெயரைத்தான் ஓலையில் எழுதிக் குடத்தில் போடலாம். ஓலை பனையுடையது, ஆனால் பனையேறியின் பெயர் அதில் ஏறாது.

அவர் இருந்ததற்குச் சாட்சி வரிதான். பல்லவர் செப்பேடுகளில் 'ஈழப்பூட்சி' வருகிறது. கள் இறக்குவோர் கட்டிய வரி.

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையைப் பார்த்துவிட்டு வரும்போது, சாலையோரம் பதநீர் விற்ற பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "பானைக்குள்ள சுண்ணாம்பு தடவுனா பதநீர், தம்பி. தடவலைன்னா புளிச்சு கள்ளாயிடும். கள்ளுன்னா கேஸு."

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பக்கத்துக் கேரளத்தில் அது உரிமத்தோடு விற்கிறது. இங்கே 2003 முதல் சீமைச் சரக்கைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக். பல்லவன் வரி போட்ட தொழிலை நாம் குற்றமாக்கிவிட்டோம்.