தட்டு பழுதானால் தகவல் என்னாகும்?

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணிப்பொறியில் 24 அங்குல விட்டமுள்ள 50 காந்தத் தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. கொள்ளளவோ 50 இலட்சம் எழுத்துகளே! இன்று கைப்பேசியில் நீங்கள் எடுக்கும் ஒரு படத்துக்கே அது போதாமற் போகலாம்.

பின்னர் தட்டுகள் சிறுத்தன, விலையும் இறங்கிற்று. பெரிய தட்டுக்குப் பதிலாகச் சிறியவை பலவற்றை இணைத்தால் என்ன? 1988-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் இதை ஆராய்ந்தனர். கணக்கு அச்சுறுத்தியது. ஒரு தட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்குமென்றால், 100 தட்டுகளில் ஏதேனும் ஒன்று சராசரியாக 300 மணி நேரத்திலேயே பழுதாகிவிடும். இரண்டு வாரங்கூட இல்லை!

அவர்கள் தொகுத்துரைத்த 'ரெய்டு' முறைகளுள் ஒன்றைப் பாருங்கள். ஒரு தட்டில் 5, மற்றொன்றில் 7 உள்ளதாகக் கொள்வோம். மூன்றாவதில் கூட்டுத்தொகை 12-ஐ எழுதி வையுங்கள். முதல் தட்டு அழிந்தாலும், 12-இலிருந்து 7-ஐக் கழித்து 5-ஐ மீட்கலாம் அல்லவா? கணிப்பொறி இதனையொத்த வேலையை 0, 1 என்னும் இலக்கங்களைக் கொண்டு செய்கிறது.

பலர் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் இணையத்தளத்துக்கு இது பெருந்துணை. ஆனால் ஒருவர் கைதவறிக் கோப்பை அழித்தால் ரெய்டு அதை மீட்டுத் தராது; வேறிடத்தில் தனிப்படி வேண்டும். புதிய தட்டில் 5-ஐ எழுதி முடிக்குமுன் இன்னொரு தட்டும் பழுதானால், கழிப்பதற்கும் எண் இராது.