வர்த்தமானம் என்னும் பழஞ்சொல்

இன்று நாம் ‘செய்தி’ என்பதை 19-ஆம் நூற்றாண்டு ஏடுகள் பல ‘வர்த்தமானம்’ என்று எழுதின. 1855-இல் பெர்சிவல் பாதிரியார் சென்னையில் தொடங்கிய இதழின் பெயரே ‘தினவர்த்தமானி’. நிகழ்வது என்பது இவ்வடசொல்லின் பொருள். 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் வலுப்பெற்றபின் இத்தகைய சொற்கள் ஏடுகளிலிருந்து மெல்ல விலகின. எனினும், தமிழ்நாட்டின் ‘அரசிதழ்’ இலங்கையில் இன்றும் ‘வர்த்தமானி’தான். செய்தியைக் குறிக்கும் ‘பெரித்தா’, அரசிதழைக் குறிக்கும் ‘வார்த்தா’ என்று நம் பிள்ளைகள் மலாயில் படிப்பவையும் அதே வடமொழி வேரில் கிளைத்தவையே.

எழுதுவதற்குச் ‘செய்தி’ போதும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், பழைய ஏட்டைப் பிரிக்கும் மாணவன் முதல் வரியிலேயே திகைத்து மூடிவிட்டால், முன்னோர் எழுதிவைத்த வரலாறு அவனுக்கு எட்டாது. படித்தறியும் அளவுக்கேனும் இச்சொல்லைச் சொல்லிவைப்போம்.