பண்டைய எகிப்தில் கடினக் கல் வேலை

இரும்புக் கருவிகள் புழக்கத்துக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எகிப்தியர் கிரானைட், டயோரைட், பசால்ட் ஆகிய கடினக் கற்களை அறுத்தனர், துளையிட்டனர், மெருகேற்றினர். பிரமிடுகளில் பெரும்பகுதி மென்மையான சுண்ணாம்புக்கல்தான். அதைச் செம்பு உளியே வெட்டிவிடும். கேள்வி எழுவது மற்ற இடங்களில்: கிசாவில் கூஃபுவின் பிரமிடுக்குள் உள்ள அரசர் அறை, அதன் கூரையைத் தாங்கும் 9 கிரானைட் பாளங்கள், அங்குள்ள கல்பெட்டி, பிரமிடின் கிழக்கே பரப்பப்பட்ட பசால்ட் தளம், பிற்காலத்து ஓபெலிஸ்க் தூண்கள். மோஸ் கடினத்தன்மை அளவில் செம்பு சுமார் 3. கிரானைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. மென்மையான உலோகம் வலிய கல்லை எப்படி வெட்டியது என்று கேட்பதால்தான் இது புதிராகத் தெரிகிறது. சான்றுகளை வரிசையாகப் பார்த்தால் செம்பு கடினக் கல்லை வெட்டவே இல்லை என்பது புலப்படும். கல்லைத் தேய்த்தது கல்தான். சுரங்கத்தில் அது உருண்டைக் கல்லாகவும், பட்டறையில் மணலாகவும் வேலை செய்தது.

முதல் சான்று கிசாவுக்குச் சுமார் 800 கி.மீ. தெற்கே, அஸ்வான் கல்சுரங்கத்தில் கிடக்கிறது. ஏறக்குறைய 42 மீட்டர் நீளமும் ஆயிரம் டன்னுக்கு மேல் எடையும் கொண்ட முற்றுப்பெறாத ஓபெலிஸ்க் அது. பாறையில் விரிசல்கள் கண்டதால் பாதியில் கைவிடப்பட்டது. கைவிட்டதால்தான் வேலை நடந்த முறை அழியாமல் நமக்குக் கிடைத்திருக்கிறது. தொல்பொருள் அதிகாரி ரெஜினால்ட் எங்கல்பாக் 1922-இல் இதை முழுமையாகத் துப்புரவு செய்து ஆராய்ந்தார். தூணைச் சுற்றி, ஓர் ஆள் குந்தி வேலை செய்யும் அகலத்துக்கு அகழி ஓடுகிறது. அகழியின் அடியிலும் சுவர்களிலும் உளிக்கோடு எதுவும் இல்லை. வரிசையாக, உள்வாங்கிய வழவழப்பான குழிவுகள்தான் இருக்கின்றன. அருகிலேயே டோலரைட் என்ற கல்லின் உருண்டைகள் கிடைத்தன. பல ஐந்தாறு கிலோ எடை உள்ளவை. சில ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கின்றன, சில உடைந்திருக்கின்றன. எங்கல்பாக் தாமே ஓர் உருண்டையை எடுத்து இடித்துப் பார்த்தார்; ஒரு மணி நேரத்தில் பாறை சில மில்லிமீட்டர் இறங்கியது. மந்தமான வேலைதான். ஆனால் இத்தனை நீண்ட தூணைச் சுற்றிய அகழியில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து இடிக்கலாம். கர்னாக்கில் ஹட்ஷெப்சுட் நிறுத்திய ஓபெலிஸ்குகளின் கல்வெட்டு, சுரங்க வேலைக்கு 7 மாதம் ஆனதாகச் சொல்கிறது. வேகத்தைக் குறித்து அரசி பெருமைப்பட்டிருக்கிறாள். ஆயினும் நூற்றுக்கணக்கான கைகள் சேர்ந்தால் நடக்கக்கூடியதே அது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. டோலரைட் ஒன்றும் குவார்ட்ஸைவிடக் கடினமானதல்ல. பிறகெப்படி கிரானைட்டை அது தோற்கடிக்கும்? கடினத்தன்மை என்பது கீறலைத் தாங்கும் திறன் மட்டுமே. இடிப்பதில் கணக்கு வேறு. கிரானைட்டின் பெரிய படிகங்கள் அடி விழுந்ததும் ஒன்றையொன்று விட்டு விலகி நொறுங்கும். டோலரைட்டின் நுண்ணிய படிகங்களோ ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எளிதில் உடையாது. ஆகவே அடிக்கும் கல்லைவிட அடிபடும் கல்லே முந்தித் தூளாகிறது. நனைத்த மர ஆப்பு ஊதிப் பாறையைப் பிளந்தது என்ற பரவலான விளக்கத்தைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் நம்மில் பலர். அஸ்வானில் ஆப்புக் குழிகளின் வரிசைகள் நிறைய உள்ளன என்பது உண்மையே. ஆனால் அவை பெரும்பாலும் இரும்பு வந்த பிறகான, தாலமி, ரோமானியர் காலத்தவை. பிரமிடு காலத்துக்கு அவற்றைச் சாட்சிக்கு அழைப்பது தவறு.

இடித்து எடுத்த பாளத்தை நேராக்கி, குடைந்து, பெட்டியாக்குவது பட்டறை வேலை. இதற்கான தடயங்களை முதலில் நுணுகி அளந்தவர் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி. 1880 முதல் 1882 வரை கிசாவில் அளந்து, 1883-இல் நூலாக வெளியிட்டார். கூஃபுவின் கல்பெட்டியில் அவர் கண்டவை நம் வாதத்துக்கு மிக முக்கியம். பெட்டியின் வெளிப்பக்கத்தில் ரம்பம் வழிதவறி ஆழமாக இறங்கியிருக்கிறது. அறுத்தவர்கள் பின்வாங்கி, மறுபடி தொடங்கி, மீண்டும் தவறியிருக்கிறார்கள். உட்பக்கச் சுவரில் குழாய்த் துரப்பணம் சாய்ந்துபோய்ச் சுவரைக் கடித்த வளைவு முழுதும் தேய்த்து நீக்கப்படாமல் நிற்கிறது. குடைந்த முறையும் இதிலிருந்து தெரிகிறது: வட்டத் துளைகளை நெருக்கமாக இட்டு, நடுவில் நிற்கும் கல் உருளைகளை உடைத்து எடுத்து, மீதியைத் தேய்த்தார்கள். தவறும் திருத்தமும் கைவேலையின் கையெழுத்து. மறைந்துபோன உயர் இயந்திரம் ஒன்று இந்தப் பெட்டியை அறுத்தது என்பவர்கள், அந்த இயந்திரம் ஏன் இரண்டு முறை வழிதவறியது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ரம்பத்துக்குப் பல் தேவையில்லை. தட்டையான செம்புத் தகட்டின் கீழே குவார்ட்ஸ் மணலைத் தூவி முன்னும் பின்னும் இழுத்தால், மணல் மணிகள் உருண்டும் செம்பில் பதிந்தும் கல்லைச் சுரண்டும். குவார்ட்ஸைக் குவார்ட்ஸ் சுரண்டும். செம்பு சுமக்கும் கருவி மட்டுமே. துரப்பணமும் அதே தத்துவம்: செம்புக் குழாயை வில்லின் கயிற்றால் சுழற்றுவது. சக்காராவில் கிடைத்த அலபாஸ்டர் துண்டு ஒன்றின் துளையில், செம்பின் பச்சை ஏறிய மணல் இறுகிக் கிடந்ததை வேதியியலாளர் ஆல்ஃபிரட் லூகாஸ் பதிவு செய்தார். பிரிட்டிஷ் ஆய்வாளர் டெனிஸ் ஸ்டாக்ஸ் இதே கருவிகளைச் செய்து, அஸ்வானில் உள்ளூர்க் கல்தொழிலாளர்களுடன் கிரானைட்டை அறுத்தும் துளைத்தும் காட்டினார். முடிவுகள் 2001-இல் ஆன்டிக்விட்டி இதழில் வெளிவந்தன. கல் தேயத் தேயச் செம்பும் கணிசமாகத் தேய்ந்தது. கிரானைட்டில் எழுத்துப் பொறிக்கச் செம்பு உளி பயன்படாது என்பதும், அதற்குச் சக்கிமுக்கிக் கல் போன்ற கல்கருவிகளே ஏற்றவை என்பதும் அவர் சோதனைகளில் தெரிந்தது.

அப்படியானால் அந்தக் குழாய்களும் பெரிய ரம்பங்களும் எங்கே? ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பது மெய். ஆனால் செம்பு, தேய்ந்தால் உருக்கி மறுபடி வார்க்கும் பண்டம். தெய்ர் எல்-மெதினாவில் கல்லறை தோண்டியவர்களின் ஊரிலிருந்து கிடைத்த எழுத்துச் சில்லுகள், அரசாங்கம் செம்பு உளிகளை எடை போட்டுக் கொடுத்து எடை போட்டுத் திரும்பப் பெற்றதைக் காட்டுகின்றன. இவ்வளவு கறாராகக் கணக்கு வைத்த உலோகம் மணலில் கிடக்க விடப்படாது. கல்லைக் குடையும் திறமை திடீரென்று வந்ததுமல்ல. பிரமிடுகளுக்கு முந்தைய நகாடா காலத்திலேயே பசால்ட் கலங்களைக் குடைந்திருக்கிறார்கள். ஜோசரின் படிப் பிரமிடுக்கு அடியில் மட்டும் சுமார் 40,000 கல் கலங்கள் கிடைத்தன. கல்லைக் குடையும் கைகள் பல தலைமுறைகளாகப் பழகியிருந்தன.

வலுவான ஆட்சேபம் ஒன்று மீதியிருக்கிறது. பெட்ரி சேகரித்த கிரானைட் உருளை ஒன்றில் ஆழமான, சீரான கோடுகள் சுற்றி ஓடுகின்றன. தளர்ந்த மணல் இவ்வளவு தெளிவான பள்ளம் இடாது என்று கருதிய பெட்ரி, குழாயில் கடினமான மணிக்கற்கள் பதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றார். 1983-இல் கோரெலிக், குவின்னட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் செய்த சோதனைகளிலும் மணலைவிடக் குருந்தம் போன்ற கடினப் பொடிகளே இத்தகைய கோடுகளைத் தந்தன. அமர்னாவின் பெரிய ஏட்டன் கோயில் கல்துண்டில் குருந்தத்தின் தடத்தை ஆய்வாளர்கள் 2014-இல் அறிவித்தனர். கடினத்தன்மை 9 உள்ள குருந்தம், கூஃபுவுக்கு வெகுகாலம் பிந்திய புதிய அரசு காலத்தில் பயன்பட்டதற்கு இது சான்று. இவை செம்பும் தேய்ப்புப்பொடியும் என்ற விளக்கத்தைக் குலைக்கவில்லை. எந்தப் பொடி என்பதையே கேள்வியாக்குகின்றன. கூஃபுவின் தொழிலாளர்கள் வெறும் மணலோடு நின்றார்களா, அரிதான குருந்தத்தையும் சேர்த்தார்களா என்பதை, கூஃபு ஆண்ட பழைய அரசு காலத்துத் துளைகளில் ஒட்டியிருக்கும் துகள்களை ஆய்வகத்தில் பகுத்துப் பார்த்துத்தான் தீர்க்க முடியும்.