ஸ்டீல் கிதாரின் தொனி: கையா, கருவியா?

ஸ்டீல் கிதாரின் தொனி வாசிப்பவருடையதா, கருவியுடையதா என்னும் வினாவுக்கு ஹவாய்க் கலைஞர் சோல் ஹோபியியின் இசைத்தட்டுகள் தக்க சான்றாகின்றன. 1920களின் பிற்பகுதியில் அவர் வாசித்தது, உலோக உடலும் அலுமினியக் கூம்புகளும் கொண்ட நேஷனல் கிதார்; 1930களில் மின் கிதாருக்கு மாறினார். ஒலியின் நீட்சி கூடியது. உலோகக் கணீரொலி தணிந்தது. இவை கருவியின் கொடை.

ஆயின் இக்கருவியில் தந்திகள் உயர்த்திக் கட்டப்படுவதால் மெட்டுகளுக்கு வேலையில்லை. சுருதியை நிறுவுவது தந்திமேல் நழுவும் எஃகுத் துண்டே. கோட்டுவாத்தியம் அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நழுவலும் அசைவும் இடக்கையின் வினை. இரு காலத் தட்டுகளிலும் அவை ஹோபியியை அடையாளம் காட்டுகின்றன. ஒலிநிறத்தையும் வாசிப்பு நடையையும் ‘தொனி’ என்னும் ஒரே சொல்லால் சுட்டுவதே விவாதத்தை நீட்டிக்கிறது என்பது என் கருத்து. எனினும் இரண்டும் முற்றிலும் பிரிந்தவை அல்ல: ஒலி நீண்டு நின்றதால் நெடிய நழுவல்களுக்கு இடம் கிடைத்தது, அவ்வளவில் கருவி கையையும் மாற்றியது.